தேயிலையும் இல்லை, பழமும் இல்லை!

(பத்தாம் வகுப்பு, 'ஆ' பிரிவு)

தேநீர் என்பது யாது? "இதுவும் ஒரு கேள்வியா?" என்று நீங்கள் நகைப்பது என் காதில் விழுகிறது. காலை ஷிப்டுக்குச் செல்பவரும் இரவு ஷிப்ட் முடித்து வருபவரும் சிப்காட் சாலையோரத்தில் ஒரே கடையின் முன் நின்று ஊதி ஊதிக் குடிக்கிறார்களே, அதுதான் தேநீர். ஓசூரில் பிறந்த பிள்ளைக்கு இதை விளக்கவும் வேண்டுமோ?

ஆனால் 2025ஆம் ஆண்டு டிசம்பர் மாதத்தில் இந்திய உணவுப் பாதுகாப்பு மற்றும் தர நிர்ணய ஆணையம் இந்தக் கேள்விக்கே விடை எழுதி ஓர் அறிவிப்பு வெளியிட்டது. கமேலியா சைனென்சிஸ் என்னும் தாவரப் பெயர் கொண்ட தேயிலைச் செடியிலிருந்து வருவதை மட்டுமே 'டீ' என்று அச்சிட்டு விற்கலாம். மூலிகை டீ, பூ டீ, ரூயிபோஸ் டீ என்று மற்றச் செடிகொடிகளின் காய்ந்த பாகங்களுக்கு அப்பெயரைச் சூட்டினால் அது தவறான பெயரிடல் ஆகும். இதுவே அந்த அறிவிப்பின் சாரம். செய்தித்தாளில் இதைக் கண்டவுடன், "நாட்டில் வேறு வேலையே இல்லையா?" என்று எங்கள் வீட்டிலேயே கேட்டார்கள். இது வேலையற்ற வேலை அன்று என்பதே என் கருத்து. ஏன் என்று கூறுகிறேன்.

எல்லைக்கு அப்பால் பொம்மசந்திராவில் பணிபுரியும் என் சித்தப்பா, தீபாவளிப் பரிசாகத் தமக்குக் கிடைத்த பெட்டி ஒன்றை எங்களிடம் கொடுத்தார். மேலே 'வாசனைத் திரவியங்கள் சேர்ந்த மூலிகைப் பழ டீ' என்று ஆங்கிலத்தில் எழுத்துகள் மின்னின. வெட்டி வைத்த மாம்பழமும், ஆப்பிளும், சுருள் பட்டையும் படத்தில் அவ்வளவு அழகு! உள்ளே நூல் கட்டிய சிறு பைகள் இருபத்தைந்து இருந்தன.

கொதித்த நீரில் பையை அமிழ்த்தியவுடன் கோப்பை முழுவதும் மாதுளைச் சாறு போலச் சிவந்துவிட்டது. நிறத்தைப் பொறுத்தவரை நூற்றுக்கு நூறு மதிப்பெண் கொடுக்கலாம். பட்டையும் கிராம்பும் ஏலமும் கலந்த ஆவி வீடெங்கும் பரவியது. எனக்குக் கிறிஸ்துமஸ் கேக் வேகும் அடுப்படி நினைவுக்கு வந்தது. என் தம்பியோ, "பிரியாணி எங்கே?" என்று கேட்டுக்கொண்டு ஓடி வந்தான். பிறகு குடித்துப் பார்த்தோம். முதல் மடக்கில் புளிப்பு. வேப்பிலையை மென்றது போல முகத்தைச் சுளிக்க வைக்கும் சுவை இல்லை; நன்றாகப் பழுக்காத நாவற்பழத்தைக் கடித்தால் நாக்கின் ஓரங்கள் இழுத்துப் பிடிக்குமே, அந்தப் புளிப்பும் துவர்ப்பும். விழுங்கிய பின் தொண்டையில் பட்டையின் இளஞ்சூடு சற்று நேரம் நின்றது. அது இதமாகத்தான் இருந்தது. ஆறிய பிறகு ஒரு துண்டு வெல்லம் போட்டுக் குடித்தபோது இன்னும் நன்றாயிருந்தது என்பதையும் மறைக்காமல் சொல்லிவிடுகிறேன். ஆனால் பழம்? மூக்கு மாம்பழம் என்று சொல்லியது. நாக்கு அதை ஒப்புக்கொள்ளவே இல்லை.

டீ என்று எழுதியிருக்கிறதே என்று பாட்டி தம் கோப்பையில் வழக்கம்போல் பாலை ஊற்றினார். உடனே பால் திரிந்து திட்டுத்திட்டாக மிதந்தது! "என்னடி கண்ணு இது, ரசத்துல பாலை ஊத்துன மாதிரி ஆயிடுச்சு?" என்றார். ரசம் என்ற சொல் பொருத்தமானதே. அந்தச் சிவப்பு நீர் அமிலம். ஒரு கரண்டி நீரில் சமையல் சோடாவைச் சிட்டிகையளவு தூவியபோது சிவப்பு மறைந்து நீலமும் பச்சையும் கலந்த ஒரு நிறம் வந்தது. அமிலமும் காரமும் பாடத்தை இதைவிட எளிதாக யாரும் நடத்த முடியாது.

பக்கத்து வீட்டு அஜ்ஜிக்கும் ஒரு கோப்பை கொண்டு போனேன். அவர் கன்னடக்காரர். ஒரு மடக்குக் குடித்துவிட்டு, "இது கஷாய அல்வா?" என்றார். என் தம்பி உடனே அல்வாவைத் தேடினான்! கன்னடத்தில் அல்வா என்றால் 'அல்லவா' என்று பொருள் என்பதை எல்லைப்புறத்துத் தோழியருக்கு நான் சொல்ல வேண்டியதில்லை. கஷாயம் அல்லவா! எழுதப் படிக்கத் தெரியாத அஜ்ஜி ஒரே மடக்கில் சொன்னதைத்தான் ஆணையமும் சொல்லியிருக்கிறது.

அப்பெட்டியின் பின்புறத்தைப் படித்தேன். எறும்பு ஊர்வது போன்ற எழுத்து. பொட்டலத்தில் உள்ள பொருள்களை எடை அதிகமானதிலிருந்து குறைவானது வரை வரிசையாக எழுத வேண்டும் என்பது நம் நாட்டுச் சட்டம். வரிசையின் முதலிடம் ஹைபிஸ்கஸ். அடுத்து ஆப்பிள் துண்டு, ரோஜாக்காய், ஆரஞ்சுத் தோல், பட்டை, கிராம்பு, ஏலம், அதிமதுரம். மாம்பழம் எங்கே என்று தேடினால் கடைசி வரியில் 'சுவையூட்டி' என்ற பெயரில் ஒளிந்திருந்தது. அட்டையின் நடுநாயகமாக வீற்றிருந்த மாம்பழத்தில் ஒரு துண்டுகூட உள்ளே இல்லை.

முதலிடம் பெற்ற ஹைபிஸ்கஸ் எது தெரியுமா? நம் வீட்டு வாசலில் பூக்கும் செம்பருத்தி என்று எண்ணிவிட வேண்டாம். புளிச்சைக்கீரையின் இனத்தைச் சேர்ந்த செடி அது. நம் தெலுங்குத் தோழியர் கோங்கூரா என்று சோற்றுடன் பிசைந்து கொண்டு வருகிறார்களே, அதன் உறவு. பூ உதிர்ந்த பின் காயைச் சுற்றிச் சதைப்பற்றோடு சிவந்து நிற்கும் புல்லிவட்டத்தை உலர்த்தி எடுக்கிறார்கள். உலகெங்கும் 'பழ டீ' என்று விற்கப்படுவனவற்றில் பெரும்பாலானவற்றிற்கு நிறமும் புளிப்பும் கொடுப்பது இந்தப் புல்லிவட்டமே. எகிப்திலும் சூடானிலும் இதைக் 'கர்கடே' என்று பெயரிட்டுக் குடிக்கிறார்கள். ஜமைக்காத் தீவில் இஞ்சியும் கிராம்பும் சேர்த்து ஊறவைத்து, 'சோரல்' என்ற பெயரில் கிறிஸ்துமஸ் பண்டிகைக்குப் பருகுகிறார்கள். இம்மூன்று நாட்டாரும் டீ என்று பொய் சொல்லவில்லை என்பதைக் கவனியுங்கள். செடிக்குரிய பெயரையே பானத்திற்கும் வைத்தார்கள்.

ரோஜாக்காயைப் பற்றி ஒரு வார்த்தை. காதலர் தினத்திற்கு வெளிநாடுகளுக்கு ரோஜா அனுப்பும் ஊர் நம் ஊர். ஆனால் நம்மூர் ரோஜாவைக் காய்க்கும்வரை யார் விட்டுவைக்கிறார்கள்? மொட்டிலேயே வெட்டிப் பெட்டியில் அடுக்கி விடுகிறோம்.

இனி, என் கருத்தை மறுப்பவர்கள் எழுப்பும் கேள்விக்கு வருகிறேன். "சுக்கு காபியில் காப்பிக்கொட்டை இருக்கிறதா? அதை மட்டும் காபி என்கிறாயே?" என்று என் தோழி ஒருத்தி மடக்கினாள். நல்ல கேள்வி. சுக்கு, மல்லி, மிளகு, கருப்பட்டி இவை மட்டுமே அதில் உள்ளன. காபி என்ற பெயர் இரவலே. ஆனால் சுக்கு காபியைக் கேட்டு வாங்கும் எவரும் அதில் காப்பிக்கொட்டை இருப்பதாக நம்பி வாங்குவதில்லை. பெயரிலேயே சுக்கு முன்னால் நிற்கிறது. விற்பவர், வாங்குபவர் இருவருக்கும் விஷயம் தெரியும். பளபளக்கும் பெட்டியின் கதை வேறு. விற்பவருக்குத் தெரியும், வாங்குபவருக்குத் தெரியாது. நேர்மைக்கும் ஏமாற்றுக்கும் உள்ள வேறுபாடு இதுதான் என்று எனக்குத் தோன்றுகிறது. சுக்கு காபியைச் சட்டம் என்ன செய்யும் என்று கேட்டால், பொட்டலத்தில் அடைத்து விற்பவர் வேண்டுமானால் 'சுக்கு மல்லிக் குடிநீர்' என்று அச்சிடட்டும். பேருந்து நிலையத்துச் சைக்கிள் கேனில் அது என்றும் சுக்கு காபியாகவே இருக்கும்!

பெயரில் என்ன இருக்கிறது என்று அலட்சியமாகச் சொல்பவர்களுக்கு இன்னொரு செய்தி. வயிற்றுப்போக்கால் வாடும் குழந்தைக்குக் கொடுக்கும் உப்புச் சர்க்கரைக் கரைசலை ஓ.ஆர்.எஸ். என்கிறோம். உப்பும் சர்க்கரையும் இன்ன அளவில் இருக்க வேண்டும் என்று உலக சுகாதார நிறுவனம் வகுத்து வைத்திருக்கிறது. ஆனால் சர்க்கரை மிகுந்த பழரசப் பொட்டலங்களும் அந்த மூன்றெழுத்தைப் பெயரில் சேர்த்துக்கொண்டு மருந்துக் கடைகளிலேயே விற்கப்பட்டன. நோயுற்ற பிள்ளைக்கு அதை வாங்கிக் கொடுத்த தாய்மார் எத்தனை பேரோ! சர்க்கரை மிகுந்தால் வயிற்றுப்போக்கு அதிகரிக்கும் அல்லவா? ஐதராபாத்தைச் சேர்ந்த குழந்தை மருத்துவர் சிவரஞ்சனி சந்தோஷ் என்னும் அம்மையார் ஆண்டுக்கணக்கில் தனியொருவராக இதை எதிர்த்துப் போராடினார். இறுதியில் 2025 அக்டோபரில் அதே ஆணையம் அப்பெயரைக் கண்ட பானங்களுக்கு வைக்கத் தடை விதித்தது. ஒரு பெயருக்காக ஒரு பெண்மணி இத்தனை ஆண்டுகள் போராடினார் என்றால், பெயர் அற்ப விஷயமா?

நான் அந்நியப் பொருள்களை வெறுப்பவள் என்று யாரும் எண்ண வேண்டாம். தேநீரே நமக்கு அந்நியமாக இருந்ததுதானே! 1930களில் தேயிலை வியாபாரத்தைப் பெருக்குவதற்கென அமைந்த வாரியத்தார் ஊர் ஊராகச் சென்று, தேநீர் போடும் முறையைச் செய்து காட்டி, மக்களைக் குடிக்கப் பழக்கினார்கள். இன்று அது இல்லாமல் நமக்குப் பொழுது விடிவதில்லை. ஐரோப்பியர் மூலிகைப் பானத்தைக் குறிக்கும் 'டிசேன்' என்ற சொல்கூடப் பார்லிக் கஞ்சியைக் குறித்த பழைய கிரேக்கச் சொல்லிலிருந்து பிறந்ததாம். காய்ச்சல் வந்தால் நமக்கும் பார்லித் தண்ணீர்தானே தருகிறார்கள்! நல்லது எங்கிருந்து வந்தாலும் குடிக்கலாம். இன்னது குடிக்கிறோம் என்று தெரிந்து குடிக்க வேண்டும் என்பதே என் வாதம்.

'மூலிகை' என்ற சொல்லையும் கண்ணை மூடிக்கொண்டு நம்பக் கூடாது. அந்தச் சிவப்புப் புல்லிவட்டம் இரத்த அழுத்தத்தைச் சற்றுக் குறைக்கும் என்று ஆய்வுகள் கூறுகின்றன. அதே பெட்டியில் இருந்த அதிமதுரமோ அளவு மீறினால் இரத்த அழுத்தத்தை ஏற்றக்கூடியது. ஒன்று இறக்க, ஒன்று ஏற்ற! பாட்டி இரத்த அழுத்தத்திற்கு மாத்திரை சாப்பிடுபவர். மருத்துவரைக் கேட்காமல் தினமும் அதைக் குடிக்க வேண்டாம் என்று நானே சொல்லிவிட்டேன்.

நம்மைப் போன்ற பெண்பிள்ளைகளுக்கு இதில் மேலும் ஒரு காரியம் உண்டு. 2019 முதல் 2021 வரை எடுக்கப்பட்ட ஐந்தாவது தேசியக் குடும்ப நலக் கணக்கெடுப்பின்படி, நம் நாட்டில் 15 முதல் 19 வயதுள்ள பெண்களில் நூற்றுக்கு 59 பேர் இரத்தச் சோகை உள்ளவர்கள். இட்லி உண்ட கையோடு தேநீர் குடித்தால், உணவில் உள்ள இரும்புச்சத்து உடலில் சேருவதைத் தேநீரில் உள்ள துவர்ப்புப் பொருள்கள் தடுக்கின்றன. "அப்படியானால் மூலிகைப் பானம் குடிக்கலாமே" என்பீர்கள். 1999இல் பிரிட்டிஷ் ஊட்டச்சத்து ஆய்விதழில் வெளியான ஆய்வொன்று, புதினாப் பானமும் ஏறக்குறையத் தேநீருக்குச் சமமாகவே இரும்புச்சத்தைத் தடுக்கிறது என்று கண்டது. கெமோமில் பூவும் அதில் ஏறத்தாழப் பாதியளவு தடுத்தது. எனவே எதைக் குடித்தாலும் சாப்பாட்டிற்கும் அதற்கும் ஒரு மணி நேரமாவது இடைவெளி விடுங்கள். இரும்புச்சத்து மாத்திரையைத் தேநீரோடு விழுங்கும் தோழியர் சிலரை நான் அறிவேன். அவர்கள் இந்தப் பத்தியை இருமுறை படிக்க வேண்டுகிறேன்.

இனி விலைக்கு வருகிறேன். என்னை மிகவும் யோசிக்க வைத்தது இதுதான். அப்பெட்டியில் பைக்கு 2 கிராம் வீதம் மொத்தம் 50 கிராம் சரக்கு இருந்தது. அச்சிட்ட விலை 240 ரூபாய். அப்படியானால் ஒரு கிலோ 4,800 ரூபாய்! உலர்த்துவதற்கும், பரிசோதிப்பதற்கும், பைக்கும், நூலுக்கும், இயந்திரத்திற்கும் செலவு உண்டு என்பதை நான் அறியாதவள் அல்லள். தொழிற்பேட்டையில் வளரும் பிள்ளைக்கு அது தெரியும். ஆனாலும் கணக்குப் போட்டு முடித்தபோது எனக்கு 2025ஆம் ஆண்டு ஜூன் மாதம் நினைவுக்கு வந்தது.

நாம் பெங்களூரா என்றும் கிளிமூக்கு என்றும் சொல்லும் மாங்காயை ஆந்திர மாநிலத்தார் தோத்தாபுரி என்பார்கள். மாங்கூழ்த் தொழிற்சாலைகள் பெருமளவு வாங்குவது இதைத்தான். அந்த ஆண்டு அதன் விலை மூன்று மாநிலங்களிலும் அடியோடு சரிந்தது. பிற மாநிலத்துத் தோத்தாபுரி தம் மாவட்டத்திற்குள் வரக்கூடாது என்று சித்தூர் நிர்வாகம் தடை போட்டது. ஆந்திர அரசு கிலோவிற்கு 12 ரூபாய் என்று நிர்ணயித்து அதில் 4 ரூபாயைத் தானே கொடுத்தது. கர்நாடக விவசாயிகளுக்குக் குவிண்டாலுக்கு 1,616 ரூபாயை ஆதார விலையாக வைத்து நஷ்டத்தை ஈடுகட்ட மத்திய அரசு இசைந்தது. குவிண்டாலுக்கு 1,616 என்றால் கிலோவிற்கு 16 ரூபாய் 16 காசு. கை கொடுத்துத் தூக்கிவிட்ட பின்னரும் விலை இவ்வளவுதான்!

என் பாட்டியின் தம்பிக்குக் காவேரிப்பட்டணம் பக்கத்தில் சில பெங்களூரா மரங்கள் உண்டு. பறிகூலியும் வண்டி வாடகையும் கொடுத்தால் கையில் ஒன்றும் மிஞ்சாது என்று பாதி மரங்களை அந்த ஆண்டு அவர் தொடவேயில்லை. பழுத்து விழுந்த பழங்களின் மேல் நடந்துதான் தோப்புக்குள் போனோம். ஆண்டுதோறும் கிருஷ்ணகிரியில் மாங்கனிக் கண்காட்சி நடக்கிறதே, அங்கே வண்ண விளக்குகளுக்குக் கீழே அடுக்கி வைத்திருக்கும் அதே பெங்களூரா! அந்தப் பழத்தின் படத்தை மட்டும் அட்டையில் போட்டு, உள்ளே ஒரு துண்டுகூட வைக்காமல், கிலோ 4,800 ரூபாய்க்கு ஒரு பொருள் விற்கிறது என்பதை மாமா தாத்தாவிடம் நான் இன்னும் சொல்லவில்லை.

"சும்மா குறை கூறினால் போதுமா, நீ என்ன செய்வாய்?" என்று கேட்பது நியாயம். கோடை விடுமுறையில் பாட்டியும் நானும் ஒரு முயற்சி செய்தோம். முற்றிய பெங்களூராக் காய்களைத் தோல் சீவி, மெல்லிய வில்லைகளாக அரிந்து, உப்புச் சேர்க்காமல் மொட்டை மாடியில் வெள்ளை வேட்டியின் மேல் காயவைத்தோம். பத்துக் கிலோ காய்க்கு ஏறக்குறைய ஒரு கிலோ வற்றல் கிடைத்தது. அதை இடித்து, சுக்கு, ஏலம், இரண்டு கிராம்பு சேர்த்து வைத்துக்கொண்டோம். ஒரு கரண்டித் தூளில் கொதிநீர் ஊற்றி, மூடி வைத்து, வடிகட்டி, வெல்லம் போட்டுக் குடித்தோம். நிறம் சேற்று நீர் போலத்தான் இருந்தது. அந்தச் சிவப்பு அழகு இதற்கு வராது. பெங்களூராவிற்குப் புளிப்பும் சற்றுக் குறைவு. நாட்டு மாங்காய் கொஞ்சம் சேர்த்தால் எடுப்பாக இருக்கும் என்று பாட்டி அபிப்பிராயப்பட்டார். ஆனால் மாங்காய் நாக்கில் தெரிந்தது. மார்கழிக் குளிரில் இப்போதும் அதைத்தான் குடிக்கிறோம்.

இதை ஒரு மகளிர் குழுவோ, மாங்கூழ் ஆலை வைத்திருப்பவரோ சுத்தமாகவும் சீராகவும் செய்து விற்க முடியாதா என்பதே என் கேள்வி. கூழாகப் பீப்பாயில் கப்பலேறும் மாங்காயில் ஒரு சிறு பங்கு வற்றலாக நம் மாவட்டத்திலேயே பொட்டலமாகக் கூடாதா? கிலோ 4,800 ரூபாய் யாரும் கேட்கவில்லை. அதில் கால் பங்கு விலைக்கு விற்றால்கூட, தோப்புக்காரருக்குப் பறிகூலிக்கு மேல் நாலு காசு நிற்கும்.

என்ன பெயர் வைப்பது என்று வீட்டில் பெரிய விவாதம் நடந்தது. டீ என்று வைக்கச் சட்டம் இடங்கொடாது. கஷாயம் என்றால் தம்பி ஓடிவிடுவான். அப்போது அஜ்ஜிதான், தங்கள் ஊரில் மாங்காயை வேகவைத்து வெல்லமும் ஏலமும் கரைத்துச் செய்யும் பானத்திற்கு மாவினகாயி பானக என்று பெயர் என்றார். மேல் வீட்டுத் தெலுங்கு அக்கா, "எங்களுக்கும் அது பானகம்தான், ராம நவமிக்குக் கொடுப்போமே" என்றார். தமிழிலும் அது பானகம்தானே! ஒரே பெட்டியில் மூன்று எழுத்திலும் அச்சிட்டுக் கொள்ளலாம். ஜூஜூவாடி சோதனைச் சாவடிக்கு இந்தப் பக்கமும் அந்தப் பக்கமும் பெயரை மாற்ற வேண்டிய வேலையில்லை.